அத்தையின் மஞ்சள் சீட்டுகள்

பரிசு வாங்கிய கதையில் ஒரு நாய் வந்தால், அது கடைசிப் பக்கத்துக்குள் செத்துப்போகும் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அத்தைதான் அதைக் கண்டுபிடித்தாள். "மத்தே நாய் போச்சு!" என்று சமையலறையிலிருந்து கத்துவாள். எங்கள் வீட்டுத் தமிழில் பாதி கன்னடம்தான். மறுபடியும் என்று சொல்ல எங்களில் யாருக்கும் பொறுமை கிடையாது, மத்தேதான்.

அத்தை அப்பாவின் தங்கை. மைசூரில் ஒரு கன்னடப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு அக்ரஹாரம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். வருடத்துக்கு ஒரு முறை அவள் பேருக்கு ஒரு பெட்டி வரும். அந்த வருடம் பரிசு பெற்ற கன்னடச் சிறுவர் புத்தகங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் சேர்த்துக் கொடுக்கிற ஒரு சின்னக் குழு, ஏழெட்டு ஆசிரியர்களைப் பிடித்து, அவற்றைப் படித்து ஆளுக்கொரு பக்கம் கருத்து எழுதித் தரச் சொல்லியிருந்தது. நானோ அந்தப் பரிசுகளையே அத்தைதான் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலும் அப்படியே சொல்லிவைத்திருந்தேன்.

பெட்டி வரும் நாள் எனக்குக் கிறிஸ்மஸைவிடப் பெரிய நாள். கூரியர்காரரின் வண்டிச் சத்தம் கேட்டதுமே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிடுவேன். புதுத்தாள் வாசனைக்காக ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் மூக்கை நுழைப்பேன். அத்தை முதலில் படிப்பாள், அவள் வைத்ததும் நான் எடுப்பேன். அவள் படிப்பதைப் பார்ப்பதே தனி வேடிக்கை. புத்தகத்தோடு சண்டை போடுவாள், சிரிப்பாள், மேஜையைத் தட்டுவாள். "மரம் பேசட்டும், வேணாங்கல. அதுக்கு எதுக்கு இத்தனை அட்வைஸ்?" என்று அம்மாவிடம் நியாயம் கேட்பாள். தோன்றியதையெல்லாம் மஞ்சள் ஒட்டுச் சீட்டில் தமிழில் எழுதி அந்தந்தப் பக்கத்தில் ஒட்டுவாள். காட்டில் மூன்று நாள் தொலைந்துபோன பையனின் கதையில், 'இவன் ஒண்ணுக்கே போக மாட்டானா?' என்று ஒரு சீட்டு இருந்தது. நான் உருண்டு உருண்டு சிரித்தேன்.

சீட்டுகள் வீட்டோடு சரி. குழுவுக்கு அனுப்பும் பக்கத்தை அத்தை மணிமணியான கன்னட எழுத்தில், மரியாதையாக எழுதுவாள். காட்டுப் பையன் அதில் 'துணிச்சலின் இலக்கணம்' ஆகிவிடுவான்.

அந்த வருடப் பெட்டியில் முதல் பரிசு வாங்கிய புத்தகம் ஒன்று இருந்தது. திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு சிறுமியின் கதை. வகுப்பில் அவள் வாசிக்க முடியாமல் நிற்கும்போது டீச்சர் கேலி செய்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் அதே டீச்சர் வகுப்பின் முன்னால் வந்து நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் அதை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அழுதேன். அத்தை அதைப் படித்த அன்று சத்தமே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து அம்மா ஓடிவந்து அணைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் புத்தகம் முழுவதற்கும் ஒரே ஒரு சீட்டுதான் ஒட்டியிருந்தாள், கடைசி அத்தியாயத்தில்.

'டீச்சர் ஒருத்தி பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எங்கேயும் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.'

சர்ச்சின் ஞாயிறு வகுப்பில் கற்ற தமிழை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். பார்த்ததும் இல்லை, காதால் கேட்டதும் இல்லை என்று புரிந்துகொண்டேன். நம் அத்தைக்கே தெரியாத விஷயத்தை எழுதிவிட்டாரே என்று அந்த எழுத்தாளர் மேல் மதிப்பு கூடியது.

அந்த எழுத்தாளரே மைசூருக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. தேவராஜ மொஹல்லாவில் ஒரு சின்ன அரங்கில் கூட்டம். அத்தை மேடையேறித் தன் கருத்தை வாசிக்க வேண்டும். "அந்தப் புத்தகம் இனிமே உனக்குத்தான். வேணும்னா கையெழுத்து வாங்கிக்கோ" என்றாள். அப்பாவின் மை பேனாவைக் கேட்டு வாங்கி, வழியெல்லாம் அது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அத்தை நன்றாகத்தான் வாசித்தாள். 'நெஞ்சைத் தொடும் முடிவு. ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டிய நூல்.' அவள் பள்ளித் தலைமையாசிரியை முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினார். பிறகு காபி கொடுத்தார்கள். நான் காபிப் பக்கமே போகாமல் நேராக எழுத்தாளரிடம் ஓடினேன். அறுபது வயதிருக்கும் அம்மாள். பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. இவ்வளவு பெரிய பரிசு வாங்கியவர் நம் தெருவில் காய் வாங்குகிறவர் போல இருக்கிறாரே என்று சற்று ஏமாற்றம்தான்.

அவர் பேனாவைத் திறந்துகொண்டே புத்தகத்தைப் புரட்டினார். மஞ்சள் சீட்டு எட்டிப் பார்த்தது. அதை எடுக்காமலே கொண்டுவந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கவலைப்படவில்லை, கன்னட எழுத்தாளருக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது! அவரோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டை முழுவதுமாக வாசித்தார்.

"இதை யார் எழுதினா, மரி?" என்று தமிழிலேயே கேட்டார். 'மரி' மட்டும் கன்னடம், குழந்தைகளைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்கள்.

நான் பெருமையோடு அத்தையைக் காட்டினேன். அத்தை தலைமையாசிரியையோடு நின்றிருந்தாள். எழுத்தாளரின் கையில் மஞ்சள் சீட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"எனக்குத் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம்தாம்மா ஊர், தமிழ் வரும்" என்றார் எழுத்தாளர். "மேடையில வாசிச்சதைவிட இது நல்லா இருக்கே டீச்சர். ஒண்ணுதான் புரியல. 'நானும் கேட்டதில்லை'ன்னா? காதால கேட்டதில்லையா, வாயால கேட்டதில்லையா?"

"காதாலதான்!" என்றேன் நான் முந்திக்கொண்டு.

அத்தை என் தோளில் கை வைத்தாள். தலைமையாசிரியைக்குத் தமிழ் தெரியாது. ஏதோ பாராட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாயால" என்றாள் அத்தை. "வேலைக்குச் சேர்ந்த புதுசு மேடம். ஒரு பொண்ணு வாசிக்கத் திணறினா. நீ முடிக்கிறதுக்குள்ள நான் ரிடயர் ஆயிடுவேன், உக்காருன்னு சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் வருஷம் பூரா அவ வாயைத் திறக்கல."

"டீச்சர் மன்னிப்புக் கேட்டு நானும் பார்த்ததில்லம்மா. அதனாலதான் எழுதினேன்" என்றார் எழுத்தாளர். பிறகு பேனாவை எடுத்து என் புத்தகத்தில் 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாருக்கு என்று எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். என் பேரைக் கேட்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்த வெட்கமாக இருந்தது.

அடுத்த இரண்டு வாரமும் அத்தை சாயங்காலமானால் போனும் கையுமாக இருந்தாள். பழைய மாணவர்களின் அம்மாக்களையெல்லாம் கூப்பிட்டு யாரைப் பற்றியோ விசாரித்தாள். ஒரு சனிக்கிழமை காலை, "கொள்ளேகால் போறோம், வர்றியா? அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கோ" என்றாள். கொள்ளேகால் என்றால் பட்டு. அத்தை பட்டுப்புடவை வாங்கப்போகிறாள் என்று நானே முடிவு செய்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன நிறம் எடுக்கலாம் என்று அவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் நுழைந்தது ஒரு தையல் கடை. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, சட்டென்று எழுந்து நின்றார். மடியிலிருந்த ரவிக்கைத் துணி கீழே விழுந்தது.

"மி... மிஸ்! நீங்களா? வாங்க, உக்காருங்க."

அத்தை உட்காரவில்லை. அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்றும் அத்தை காத்திருக்கவில்லை.

"நாலாம் கிளாஸ்ல எல்லாரு முன்னாடியும் உன்னைக் கேலி பண்ணினேன். ஞாபகமிருக்கா?"

அக்கா தரையைப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க மிஸ்?"

"நான் பண்ணினது தப்பு. என்னை மன்னிச்சிடும்மா."

பெரியவர்கள் இப்படிப் பேசி நான் பார்த்ததேயில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கதையில் வந்தது அப்படியே என் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது! அந்தப் பரவசம் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. அத்தை என் பக்கம் கையை நீட்டினாள். புத்தகத்தை வாங்கி, பேனாவை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் அந்த அக்காவின் பேரை எழுதிக் கொடுத்துவிட்டாள். என் புத்தகம்!

அக்கா அட்டையைத் தடவிப் பார்த்தார். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்து, உரக்க வாசிக்கத் தொடங்கினார். யாரும் அவரை வாசிக்கச் சொல்லவில்லை. முதல் சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். நான் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் வாயைப் பொத்தியது.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அவள் புடவையை இழுத்தேன். அத்தை அசையவில்லை. அந்த அக்கா ஒவ்வொரு சொல்லாக, நின்று, மூச்சு வாங்கி, திரும்பத் தொடங்கி, பக்கத்தின் கடைசி வரிவரை வாசித்தார். முடித்ததும் முகமெல்லாம் வேர்த்திருந்தது. அளவு கொடுக்க வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸைத் தவறவிட்டோம். அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அத்தை வாங்கித் தந்த கொய்யாவை நான் கோபத்தோடு கடித்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததுமே அம்மாவிடம் புகார் சொன்னேன். "புடவையே எடுக்கலம்மா! என் புத்தகத்தையும் யாருக்கோ குடுத்துட்டாங்க. அந்த அக்காவுக்குச் சரியா வாசிக்கக்கூட வராது!"

அத்தை சிரித்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் இன்னும் பலமாக அழுதேன். அந்த வருடத்தின் மிக நல்ல புத்தகத்தைக் கைவிட்டுவிட்டு ஒருத்தி எப்படி இவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்ப முடியும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.