திஷ்கா ஏற்றத்தில் இறங்கிய முள்

இத்திர் முதலில் அடிப்பான், பிறகுதான் யாரென்று பார்ப்பான். மராகேஷ் டாக்ஸி நிலையத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் திஷ்கா கணவாய் ஏற வேண்டுமென்றால் அவன் வண்டியைத்தான் தேடுவோம். அந்தப் பழைய ஜெர்மன் டீசல் காரைத் தவிர அவனுக்குச் சொந்தமென்று எதுவும் இல்லை.

ஜூலையில் எஞ்சின் வெப்பம் காட்டும் முள் சிவப்பிலேயே நின்றது. புதிதாக மாட்டிய சென்சார் போலி என்று முடிவுகட்டி, மெக்கானிக் ஹம்முவின் முகத்தை பானட்டில் மோதினான் இத்திர். ஹம்மு ரத்தத்தைத் துப்பிவிட்டு சென்சார் வயரைப் பிடுங்கினான். முள் அடியில் விழுந்தது.

"பிடுங்கினதும் முள் விழுதுல்ல, வயர் சரியா இருக்குடா மிருகமே. இப்ப சென்சாரும் சரியான்னு பாரு" என்று இத்திரின் உள்ளங்கையை ரேடியேட்டர் குழாயில் வைத்து அழுத்தினான். தோல் உரிந்தது; சூடு நிஜம்தான். அடைத்திருந்த ரேடியேட்டரை இருவரும் சேர்ந்தே கழுவினார்கள்.

ஆகஸ்டில் நான் அந்த வண்டியில் போனேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். முன்சீட்டில் கசாப்புக்காரர் புஜெம்மா. அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மலைக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணனை அடக்கம் செய்கிறார்கள்.

எஞ்சின் சூட்டை இழுக்க, ஏற்றத்தில் எங்கள் ஓட்டுநர்கள் எல்லோரும் செய்வதுபோல, இத்திர் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டான்.

"எங்கள வேக வைக்கிறியா?" என்றார் புஜெம்மா.

"வெந்ததும் சொல்லுங்க, நீங்களே வெட்டி வித்துடலாம்."

பாதி மலையில் முள் மளமளவென்று இறங்கியது. ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றோம். இத்திர் பிரேக்கை மிதித்தான்.

"குளிரலய்யா, ரேடியேட்டர் தண்ணியே போயிடுச்சு! சென்சார் வெறும் காத்தை அளக்குது."

"முள் கீழ கிடக்குடா! என் அண்ணன மண்ணுல வைக்கப் போறாங்க, ஓட்டு!"

அவன் எஞ்சினை அணைத்தான். புஜெம்மா இறங்கித் தண்ணீர் கேனைத் தூக்கினார். "தண்ணிதானே வேணும்? இப்பவே ஊத்துறேன்." பானட்டைத் திறக்கப் போனவரின் மூக்கில் இத்திர் குத்தினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கையிலிருந்த கேன் இத்திரின் வாயில் இறங்கியது, பல் தெறித்தது. இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். இத்திர் கொதிக்கும் பானட்டின் மேல் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டான்.

"இந்தச் சூட்டுல பச்சத்தண்ணி ஊத்தினா எஞ்சின் ஹெட்டு வெடிச்சிடும்! என்னை அடிங்க, வண்டிய விடுங்க!"

அடித்தார்கள். முதுகிலும் விலாவிலும் உதைத்தார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. கை ஓய்ந்த புஜெம்மா சாலையோரம் உட்கார்ந்து அழுதார்.

பானட் தொடும் பதத்துக்கு ஆறியதும் இத்திர் எழுந்தான். சட்டையோடு மார்புத் தோலும் பிய்ந்து வந்தது. கிழிந்திருந்த கீழ்க்குழாயை டியூப் ரப்பரால் இறுகச் சுற்றி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். எஞ்சின் இருமிவிட்டு உயிர்பெற்றது.

"ஏறுங்க. நேரா மையவாடிக்கே விடுறேன்."

நாங்கள் அந்த இடுகாட்டுக்குப் போனபோது குழியில் கடைசி மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புஜெம்மாவின் முகத்தைப் பார்த்து ஒருவர் பதறினார்.

"யாரு அடிச்சது?"

"அந்தா நிக்கிற டிரைவர்."

"அவன் வாய யாரு உடைச்சது?"

"நான்தான். மண்வெட்டியக் குடு."