அறுப்பின் பண்டிகைச் சேவல்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடுவது நான்தான். வேதம் தெரியும் என்பதற்காக அல்ல, தொண்டை பெரிது என்பதற்காக. பூசணிக்காய், கேக், வாழைத்தார், கோழி என்று வீடுகளிலிருந்து காணிக்கையாக வருவதைக் கூவி விற்க வேண்டும். எடுத்தவர் பெரும்பாலும் "மறுபடியும் ஆலயத்துக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்; அதே பூசணிக்காய் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே முட்டையை ஐந்து பேருக்கு விற்றிருக்கிறேன்.

போன வருஷம் ஏலத்துக்கு முன்பே சபை இரண்டாகியிருந்தது. காளவாசலில் தம்பதியாக வாழும் இரண்டு ஆண்கள் ஆராதனைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். ஒருவன் எங்கள் பாடகர் குழுவில் வளர்ந்தவன். மற்றவன் கொட்டாம்பட்டி விவசாயி மகன். "பாவம்தான், வசனம் தெளிவா இருக்கு" என்றது ஒரு கட்சி. அதற்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். "ஆண்டவர் யாரையும் தள்ளலை" என்றது அன்புக் கட்சி, பெரும்பாலும் வாட்ஸப்பில். நான் இரண்டு பக்கமும் தலையாட்டியதில் கழுத்துவலி மிச்சம்.

அன்று இருவரும் ஒரு நாட்டுச்சேவலோடு வந்தார்கள். சபைச் செயலர் என் காதில், "அதைக் கூவாதீங்க. ஓரமாக் கிடக்கட்டும்" என்றார். பாடகன் கேட்டுவிட்டான்.

"கூவுங்கண்ணே. ஒருத்தரும் கேக்கலைன்னா சேவலைத் தூக்கிட்டுப் போறோம். இனி இந்தப் பக்கம் வரமாட்டோம்."

கூவத் துணிந்தேன். வீரமெல்லாம் இல்லை, அவன் போனால் பாடகர் குழுவில் மிஞ்சுவது என் குரல்.

"நாட்டுச்சேவல்! கேக்குறவங்க கேக்கலாம்!"

அன்புக் கட்சி மொத்தமும் தரையைப் பார்த்தது. மறுபடி கூவினேன். மூன்றாவது முறை வாயைத் திறக்கும்போது முன்வரிசையில் ஒரு கை எழுந்தது.

தலைமையாசிரியர்! "ஐந்நூறு."

"என்னப்பா, அய்யாவுக்கு விட்டுக்குடுத்துருவீங்களா?" என்று அன்புக் கட்சியைச் சீண்டினேன். வந்ததே ரோஷம்! அறுநூறு, எண்ணூறு என்று பறந்தது. பெண்கள் பக்கமிருந்து ஆயரின் மனைவி "ஆயிரம்!" என்றார், ஆயர் கூரையைப் பார்த்தார். தலைமையாசிரியர் விடுவதாயில்லை. இம்புட்டு விலைக்குச் சேவலா என்று ஊரே வாய் பிளக்க, மூன்று தரம் சொல்லி அவருக்கே முடித்தேன்.

"அய்யா, மறுபடியும் ஆலயத்துக்குத்தானே?"

"இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"சாப்பிடவா?" என்று அசடுவழிந்தேன்.

"பின்ன, பாட்டு கத்துக்குடுக்கவா?" என்றவர் சபையைத் திரும்பிப் பார்த்தார். "என் கருத்து மாறல. விவாதிக்கணும்னா சாயங்காலம் வாங்க. ஆனா காணிக்கையைக் கேக்க ஆளில்லாமத் திருப்பி அனுப்புற சபையில நான் உக்காரமாட்டேன்."

பின்வரிசையில் கொட்டாம்பட்டிக்காரன் எழுந்தேவிட்டான். "அய்யா, காட்டுல மேஞ்சது! குக்கர்ல நாலு விசில் சேத்து விடச் சொல்லுங்க!"

சிரிப்பில் மைக்கே அலறியது. பாடகன் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு மாப்ள. அடுத்து பூசணிக்காய். நாம கேப்போம்."