தாழ்ப்பாள் போட ஒரு வீடு

என் வீட்டுக்காரி தையல்காரி. இருபத்திரண்டு வருஷமாக மிஷின் மிதிக்கிறாள். ஐந்தடிகூட உயரமில்லை, ஆனால் வாயைத் திறந்தால் ஆறடி. நான் லாரி ஓட்டியவன். நிஜமாகவே ஆறடி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாலத்தடியில் வண்டி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமில்லாமல் போனது. கால் இரண்டும் இருக்கிறது, சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் இருந்த வாடகை வீட்டில் பாத்ரூம் கதவின் அகலம் இருபத்திரண்டு அங்குலம். என் சக்கர நாற்காலி இருபத்தாறு. தினமும் காலையில் அவள் நாற்காலியை வாசலோடு ஒட்டி நிறுத்தி, என்னை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு மாற்றி, கக்கத்தில் கை கொடுத்து உள்ளே இழுத்துக்கொண்டு போவாள். நான் சாய்ந்துவிடாமல் பக்கத்திலேயே நிற்பாள். நாற்காலி வாசலை அடைத்துக்கொண்டிருப்பதால் கதவைச் சாத்த முடியாது. நாலு வருஷம் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை. ஒரு நாள்கூட அவள் முகம் சுளித்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நான் லாரி ஓட்டிய காலத்தில் வாங்கிப்போட்ட மனை ஒன்று இருந்தது. அதில் வீடு கட்டுவதென்று முடிவு செய்தாள். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் அந்த முழு வீடும்.

முதலில் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். கையில் பிளான், பையில் மூன்று பேனா. பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்றார்.

"என் வீட்டுக்காரர் நாற்காலியோட உள்ள போகணும். பெரிசா வேணும்," என்றாள்.

"எல்லா வீட்டுக்கும் இதே சைஸ்தாம்மா. யாரும் குறை சொன்னதில்லை."

"ஒரே சைஸ்ல சட்டை தைச்சு ஊருக்கே குடுத்தா போட்டுக்குவாங்களா?"

அவர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. பிளானை நாலாக மடித்து அவர் பையிலேயே செருகி, "நானே கட்டிக்கிறேன், போயிட்டு வாங்க," என்றாள். அவளுடைய தம்பி, என் மச்சான், பதறிப் போனான்.

"அக்கா, இது ஜாக்கெட் இல்ல!"

"ஜாக்கெட்னா லேசுன்னு நினைச்சியா? ஒண்ணு தைச்சுக் காட்டு பார்க்கலாம்."

மேஸ்திரியைத் தேடியதும் அவள் வழியில்தான். ஆட்களை விசாரிக்கவில்லை. ஒவ்வொருவரும் கட்டிய வீட்டுக்கு நேரே போய் ஜன்னல் மூலைகளையும் படி ஓரங்களையும் கையால் தடவிப் பார்த்தாள். "ஓரத்தைப் பார்த்தா தைச்சவன் யாருன்னு தெரிஞ்சிடும்," என்பாள். அப்படிக் கிடைத்தவர்தான் எங்கள் மேஸ்திரி. கொஞ்சம் முசுடு, ஆனால் கை சுத்தம். காலை ஆறு மணிக்கே சைட்டில் நிற்பாள். இரண்டு செங்கல்லைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லையென்று ஒரு லோடு முழுக்கத் திருப்பி அனுப்பினாள். தச்சர் வரும் நாளில் பிளம்பர் வரக் கூடாது, வந்தால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு வேலை பார்க்க மாட்டார்கள் என்பதையெல்லாம் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

மேஸ்திரியோடு முதல் மோதல் கதவு வாசலுக்குத்தான்.

"மூணு அடி விட்டிருக்கேம்மா. போதுமா?"

"செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவுல மூணு அடியா? நிலை வைக்கப் போறீங்க, பூசப் போறீங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் என்ன மிஞ்சும்? தையலுக்கு விட்டுத்தான் மேஸ்திரி வெட்டணும்."

அவர் தலையைச் சொறிந்தார். மறுநாள் ஆட்களிடம், "அம்மா சொன்ன மாதிரி தையலுக்கு விட்டுக் கட்டுங்கப்பா," என்றாராம். அன்றிலிருந்து சைட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஜன்னலுக்கும் தையல், படிக்கும் தையல்.

இதையெல்லாம் நான் நேரில் பார்க்கவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும். வாடகை வீட்டு வாசலில் மூன்று படி. என்னை இறக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும், தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். இருபத்துநாலு வருஷம் பன்னிரண்டு சக்கரத்தை ஆட்டிப் படைத்தவன், மூட்டை மாதிரி இறங்குவதா? பதினாலு மாசமாக நான் வெளியே போகவே இல்லை. "ஒரு தரம் வாங்களேன், வந்து பாருங்களேன்," என்று தினமும் கூப்பிட்டுப் பார்த்தாள். "முடியட்டும், வரேன்," என்றேன். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

அதற்குப் பதிலாக நாற்காலியைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆமாம், நாற்காலி ஆட்டோவில் ஏறிச் சைட்டுக்குப் போகும், நான் கட்டிலில் கிடப்பேன். சுவர் எழுப்புவதற்கு முன்னால் கலவையே இல்லாமல் செங்கல்லைச் சும்மா அடுக்கச் சொன்னாள். "கச்சாத் தையல் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் அழுத்தித் தைக்கலாம்," என்றாள். மேஸ்திரி இப்படி ஒரு கூத்தை ஆயுசில் பார்த்ததில்லை. அடுக்கி முடித்ததும் அவளே நாற்காலியில் உட்கார்ந்து ஹாலிலிருந்து நடைக்கும், நடையிலிருந்து பாத்ரூமுக்கும் ஓட்டிப் பார்த்தாள். எங்கேயும் இடிக்கவில்லை. ஆட்கள் கைதட்டினார்களாம்.

சுவர் எழும்பியது, மேலே தளமும் போட்டாகிவிட்டது. மறுநாள் பூச்சு. அன்று சாயங்காலம் வந்தவள் காதில் செருகியிருந்த சாக்கட்டியைக்கூட எடுக்காமல் பேசிக்கொண்டே போனாள். "நடையில வந்து ஒரே திருப்பு. நேரா உள்ள போயிடலாம். நானே ஓட்டிப் பார்த்தேன்ல!"

திருப்பு என்றதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்தான்.

"நடை எவ்வளவு அகலம்?"

"மூணரை அடி."

"உக்காந்து ஓட்டினது நீயா?"

"பின்ன யாரு?"

"அப்ப என் காலை எங்க வைச்ச?"

அவள் என் காலைப் பார்த்தாள். நாற்காலியின் மிதிபலகையைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கால். அவள் கால் அந்தப் பலகைக்கு எட்டவே எட்டாது. மூணரை அடி நடையில் அவள் திரும்பிவிடுவாள். நான் திரும்ப முடியாது.

ஆள் இல்லாமல் அவள் அளவெடுத்ததே கிடையாது. "என் தம்பியும் என் உடம்புதான் அக்கா, இதே அளவுல தைச்சிடுங்க," என்று யாராவது சொன்னால், "ஆளைக் கூட்டிட்டு வா," என்று திருப்பி அனுப்பிவிடுவாள். சட்டை தைத்துப் போட்டுப் பார்க்கும்போதுகூட, "கையைத் தூக்குங்க, குனிஞ்சு நிமிருங்க," என்று பாடாய்ப் படுத்துவாள். அப்பேர்ப்பட்டவள் எனக்கு மட்டும் தன்னை வைத்து அளவெடுத்திருக்கிறாள். வேறென்ன செய்வாள்? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் ஆள் வரவில்லையே.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குப் பூச்சுங்க," என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் காலைப் பற்றிச் சொன்ன அன்றுகூட, "சரி, அடுத்தது என்ன செய்யணும் டாக்டர்?" என்று கேட்டவள்.

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. "காலையில மச்சானையும் மேஸ்திரியையும் வரச் சொல்லு," என்றேன். "தூக்கட்டும்."

தூக்கினார்கள். தெரு பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரச் சிமெண்ட் வாசனை. ஹாலில் ஜம்மென்று உருண்டேன். நடையில் போய்ப் பாத்ரூம் வாசலுக்குத் திருப்பினேன். கால் கட்டைவிரல் எதிர்ச் சுவரில் டக்கென்று இடித்தது. தோல் உரிந்து ரத்தம் வந்தது, எனக்கு வலிக்கவில்லை, அவளுக்குத்தான் வலித்தது. ரிவர்ஸ் எடுத்தேன். ஒடித்து நேராக்கினேன். நாலு தடவை பார்த்துவிட்டேன், முடியவில்லை.

"எவ்வளவு வேணும்?" என்றாள்.

"ஒண்ணரை அடி."

காதிலிருந்து சாக்கட்டியை எடுத்து எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே தரையில் கோடு போட்டாள். மேஸ்திரிக்கு முகம் விழுந்துவிட்டது.

"நல்ல சுவரும்மா அது. மூணு நாள் வேலை. அந்தப் பக்கம் உங்க தையல் ரூம் வேற. ஏற்கெனவே சின்னது."

"மிஷினுக்கு என்ன காலா நீட்டிக்கிட்டிருக்கு? இருக்கிற இடத்துல இருந்துக்கும்."

"பாரம் தாங்காத தடுப்புச் சுவருதான், இடிக்கலாம். ஆனாலும் மனசு வரலைம்மா."

"பிரிச்சுத் தைக்கிறது எனக்குப் புதுசா மேஸ்திரி? சுத்தியலைக் குடுங்க. தப்பா அளவெடுத்தது நான்." குரல் திரும்பி வந்திருந்தது. முதல் அடி அவள்தான் அடித்தாள். அந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ, செங்கல் இரண்டு துண்டாகப் போனது. தன் அறையிலிருந்து எனக்கு ஒன்றரை அடி வெட்டிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் நான் ஒரு நாளும் வீட்டில் தங்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஓட்டிப் பார்த்தேன். மேஸ்திரி கிளீனர் மாதிரி பின்னால் நின்று, "வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடிங்க, ரைட்!" என்பார். மச்சான் வாயால் ஹாரன் அடிப்பான். ஸ்விட்ச், குழாய், ஜன்னல் கொக்கி எல்லாவற்றுக்கும் அவள் டேப்போடு வந்து என் தோளிலிருந்து விரல்நுனி வரை அளந்துகொண்டாள். "கையை நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். ஆடாதீங்க," என்று அதட்டினாள்.

குடிவந்த அன்று காலையில் ஹாலில் நின்றுகொண்டு, "போங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நடையில் உருண்டேன். ஒரே திருப்பில் உள்ளே போனேன். எங்கேயும் இடிக்கவில்லை. கதவைப் பின்னால் தள்ளினேன், சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் என் கை படுகிற உயரத்தில் இருந்தது. இழுத்துப் போட்டேன்.

"ஏங்க, தாழ்ப்பாள் போட்டீங்களா?" வெளியிலிருந்து கேட்டாள்.

"போட்டுட்டேன்."

"ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். நீ போ."

பிறகு காலடிச் சத்தம் போனது. நடைக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓட ஆரம்பித்தது. அதன் பிறகுதான் அழுதேன், அடக்காமல், வாய்விட்டு. நாலு வருஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் பார்க்காமல் நான் அழுதது அன்றைக்குத்தான்.