ராகு காலம் தாண்டாத டோக்கன்

வேலம்பாளையத்திலேயே வெப்சைட் வழியாக ஆர்டர் விவரம் அனுப்பும் முதல் பனியன் கம்பெனி நம்முடையது. மூளை என்னுடையது. புரோகிராம் எழுதியது மட்டும் தூத்துக்குடிப் பெண் ஜெபராணி.

பாஸ்வேர்டு போட்டால் கம்ப்யூட்டர் ஒரு டோக்கன் தரும். அப்புறம் எதை அனுப்பினாலும் அந்த டோக்கனைக் காட்டினால் போதும்.

இன்று வெள்ளிக்கிழமை. நம்மிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் பன்னிரண்டேகாலுக்குள் சைஸ் பட்டியல் கேட்டிருந்தார். தவறினால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

பத்தரைக்கு ராகு காலம். நான் விடுவேனா? அதற்கு முன்பே நல்ல நேரத்தில் டோக்கனை வாங்கி வைத்துக்கொண்டு, ராகு காலம் முடிந்த நொடியில் பட்டியலை அனுப்பினேன்.

‘டோக்கன் செல்லாது’ என்றது.

"ஏங்கண்ணு, காலைல வாங்குனது அதுக்குள்ள கெட்டா போச்சு?"

"அண்ணாச்சி, அதுக்கு ஆயுசே அரை மணி நேரந்தான். மறுபடி பாஸ்வேர்டு போடுங்க, சீக்கிரம்!"

ஒற்றை விரலால் அடித்தேன். மூன்று முறை தப்பாக அடித்ததாக ஜெபராணி சொல்வது பொய். பன்னிரண்டு பதினாலுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

"ஆயுச ரெண்டு மணி நேரமாக்கிப் போடு கண்ணு. ராகு காலமே ஒன்றரை மணி நேரமாச்சே!"

"டோக்கன எவனாவது திருடிட்டா? திருடனும் ராகு காலம் பாத்து சும்மா இருப்பானா, அண்ணாச்சி?"

நம்மூர்த் திருடன் கட்டாயம் பார்ப்பான். ஜெர்மனித் திருடன் எப்படி என்று வெளிநாட்டு மாப்பிள்ளைகள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.