மூன்றாவது பூட்டு

பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறவர்கள் விடுமுறையில் இரண்டு வாரம் ஏதாவது ஒரு வேலையிடத்தில் இருந்து பழகிவிட்டு வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இடத்தை யார் பிடிப்பது என்று கேட்டால், அவரவர் சாமர்த்தியம் என்று பதில் வந்தது. டாக்டர் பெரியப்பா உள்ளவன் மருத்துவமனைக்குப் போனான். வங்கியில் அத்தை உள்ளவள் வங்கிக்குப் போனாள். சலூன்காரர் மகளான இவளுடைய பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோருமே முடிவெட்டுபவர்கள். இவளோ இன்ஜினியரிங் வேலைதான் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இடம் கிடைக்காதவர்களுக்கும் பள்ளி ஒரு வழி வைத்திருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு எண் ஒட்டலாம். நிழலில் உட்கார்கிற வேலை, இதைவிட என்ன வேண்டும் என்று அம்மா கேட்டாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் மிச்சம். எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டிவிடுவாள். மாட்டி முடித்த பிறகு கையில் ஏதாவது ஒன்று மிச்சமிருக்கும், அவ்வளவுதான். அப்பாவின் சலூனில் ஏறி இறங்கும் நாற்காலியை ஒரு நாள் பிரித்து மாட்டியதில் ஒரு திருகாணி மிஞ்சியது. நாற்காலி இன்றும் நன்றாகத்தான் ஏறி இறங்குகிறது. என்றைக்காவது அது கேட்டால் கொடுக்கலாம் என்று அப்பா அந்தத் திருகாணியை பிளேடு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

அவளாகவும் அலைந்து பார்த்தாள். பம்ப் கம்பெனியில் வாசல் காவலாளியைத் தாண்ட முடியவில்லை. டிகிரி முடித்துவிட்டு வா என்று அவரே நேர்முகத் தேர்வை நடத்தி அனுப்பிவிட்டார். கட்டடம் கட்டுகிற இடத்தில், மேலே இருந்து செங்கல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். ஓர் அலுவலகத்தில் மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தகவல் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்பாவின் வழி வேறு. அவர் வாடிக்கையாளர்களிடம் கேட்டார், அதுவும் முகத்தில் நுரை போட்ட பிறகு. தொண்டைக்குழியில் கத்தி இருக்கும்போது யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பார்க்கலாம், பண்ணிடலாம் என்று எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் மறந்தார்கள். மறக்காதவர் பிஸ்கட் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் ஒருவர்தான். அவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ் பண்ணியாக வேண்டும். அந்தத் தெருவில் வேறு சலூனும் இல்லை.

பிஸ்கட் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவின் இன்ஜினியர் முப்பது வயதுப் பெண். அந்தக் கட்டடத்தில் இனிக்காத சங்கதி அவர் பேச்சு ஒன்றுதான். நான் மெஷினைப் பார்ப்பதா, உன்னைப் பார்த்துக்கொள்வதா என்றுதான் முதல் நாள் வரவேற்றார். இதுவரை எந்தப் பள்ளிப் பிள்ளையையும் அவர் சேர்த்ததில்லை. இவளால் தொந்தரவு எதுவும் வராவிட்டால் அடுத்த வருடமும் யாரையாவது எடுக்கலாம், வந்தால் அன்றைக்கே இவள் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஸ்டோர் கீப்பர் தன் பெயரைப் பணயம் வைத்துக் கேட்டதால்தான் இன்ஜினியர் தலையாட்டினார்.

முதல் வாரம் முழுக்க மிச்சம் பெருக்கினாள், டார்ச் பிடித்தாள், ஸ்பேனர்களை அளவுப்படி அடுக்கினாள். அவள் கண் மட்டும் சிவப்புப் பூட்டுகள் மேலேயே இருந்தது.

மாவு பிசையும் இயந்திரம் ஒரு சின்ன அறை அளவு இருக்கும். உள்ளே ஆள் இறங்கித்தான் அதன் துடுப்புகளைப் பார்க்க முடியும். அந்த நேரம் வெளியே யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் கதை முடிந்தது. அதனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் பூட்டை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். பூட்டில் அவரவர் புகைப்படம் தொங்கும். சாவி அவரவர் பையில் இருக்கும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்ச் அசையும். அடுத்தவர் பூட்டை முதலாளியே ஆனாலும் தொடக் கூடாது.

இரண்டாவது வாரத்தின் நடுவில், இன்ஜினியரோடு மெஷின்களைக் கழற்றி மாட்டும் ஃபிட்டர் சொன்னதன்பேரில், இன்ஜினியர் அவளுக்கும் ஒரு பூட்டு கொடுத்தார். இரட்டைச் சடை போட்ட பள்ளிப் புகைப்படத்தை அதில் ஒட்டிக்கொண்டாள். மூன்று பூட்டும் மாட்டிய பிறகு இன்ஜினியரும் ஃபிட்டரும் அவளும் உள்ளே இறங்கினார்கள். துடுப்பு சுழலும் அச்சில் கையை வைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று அவளே அசைத்துப் பார்த்தாள். மூன்று பேரும் வெளியே வந்தபோது அவள் வாயெல்லாம் பல்.

டார்ச்சை ஸ்டோரில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசலில் அப்பாவின் வண்டி ஹாரன் அடித்தது. நாலு மணிக்கு மேல் மாணவர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது பள்ளி விதி. காவலாளி லாரிக்குக் கதவைத் திறந்துகொண்டிருக்க, அவள் அவர் கண்ணில் படாமல் அந்த இடைவெளி வழியாக ஓடிவந்து வண்டியில் ஏறிவிட்டாள்.

சலூனில் ஸ்டோர் கீப்பரும் வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு நுரை ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் மிச்சம் அன்றைய கதையை அளந்துகொண்டிருந்தாள். பையிலிருந்து சாவியை எடுத்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஆட்டினாள்.

"இது என்கிட்ட இருக்கிற வரைக்கும் அந்த மெஷினை யாராலயும் ஓட்ட முடியாது, தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. அப்பா மேசை டிராயரைத் திறந்து, துண்டுகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். தொழிற்சாலையிலிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டோர் கீப்பரை அரை முகத்தோடு விட்டுவிட்டு அப்பா வண்டியை எடுத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். நாளையிலிருந்து நூலகம்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தன்னோடு போகாமல், அடுத்த வருடம் வரப்போகிறவர்களின் வாயிலும் மண் விழுந்தது என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

தொழிற்சாலையில் சத்தமே இல்லை. சாயங்கால ஷிப்ட் ஆட்கள் மாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மெயின் சுவிட்சில் ஒரே ஒரு பூட்டு, அதில் இரட்டைச் சடை. மேனேஜர் பூட்டை வெட்டும் கருவியை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சுவிட்சுக்கு முன்னால் ஃபிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், நகரவே இல்லை.

இன்ஜினியர் இயந்திரத்துக்கு அடியிலிருந்த பள்ளத்திலிருந்து அப்போதுதான் ஏறி வந்தார். தலையிலிருந்து கால் வரை மாவும் கிரீஸும். முழங்காலில் துணி கிழிந்திருந்தது. மிச்சத்தைப் பார்த்ததும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"பூட்டைக் கழட்டு" என்றார்.

மிச்சம் பையிலிருந்து சாவியை எடுத்தாள். கழற்றினாள். ஃபிட்டர் சுவிட்சைப் போட்டார். மூட்டைகள் மேலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். மேனேஜர் எல்லோருக்கும் பொதுவாகக் கொஞ்சம் கத்திவிட்டு உள்ளே போனார்.

அப்பா கைகூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டார். ஒரு சின்னப் பூட்டுதானே, இவ்வளவு பேர் காத்திருப்பதற்கு வெட்டிப் போட்டிருக்கலாமே என்றார்.

"உங்க பொண்ணு உள்ள இல்லன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் இன்ஜினியர். "வெளிய வந்ததைப் பார்த்தேன். எதையாவது மறந்துட்டேன்னு திரும்ப இறங்கலன்னு யார் சொல்றது? வாசல்ல கேட்டா தெரியலங்கறாங்க. போன் எடுக்க மாட்டேங்கறீங்க. பூட்டு தொங்குதுன்னா ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம். தொட்டி, பள்ளம், ஒண்ணு விடாம தேடினோம்."

அப்பா இயந்திரத்தைப் பார்த்தார். மூடிக்குப் பின்னால் துடுப்புகள் மாவை அடித்துப் புரட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு வரலாமா மேடம்?" என்று மிச்சம் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"வரணும். ஆனா பூட்டு கிடையாது. வெளிய நின்னு டார்ச் பிடி." எழுந்து இரண்டடி போனவர் திரும்பினார். "அடுத்த வருஷம் வர்ற பிள்ளைங்களுக்கு இந்தக் கதைய நீயே வந்து சொல்லு."

சலூனில் ஸ்டோர் கீப்பர் துண்டு போர்த்தியபடியே காத்திருந்தார். பாதி முகத்தில் நுரை காய்ந்து வெடித்திருந்தது. தன் பெயர் கெட்டுப்போனதா இல்லையா என்பதுதான் அவர் கவலை.

"என்னங்க ஆச்சு?" என்றார்.

"என் பொண்ணைத் தேடி ஒரு ஃபேக்டரியே நின்னுடுச்சுங்க" என்றார் அப்பா.

புது நுரை குழைத்துப் பூசினார். கத்தியை எடுத்துக் கன்னத்துக்குக் கொண்டுபோனார், நிறுத்தினார். மறுபடி கொண்டுபோனார். மிச்சம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். துடுப்புகள் அடித்துப் புரட்டிய சத்தம் இன்னும் அப்பாவின் காதில் கேட்டது. அவர் கத்தியை மடக்கி மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டோர் கீப்பரின் முகத்தை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க, மீதிய நாளைக்குப் பண்ணிக்கலாம்" என்றார்.