கையுறை இல்லாத கை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களைக் கடந்து கடந்து நடந்து வந்தவள். அங்கே ஒருவரும் எழும்பி வந்து என்னை மறிக்கவில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. சரி, கொஞ்சம் வரும். ஆனாலும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அப்போது நான் இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து நாலைந்து வருடமிருக்கும். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு வயதான ஐயா வீட்டில் எனக்கு வேலை, சின்யோரே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மனைவி செத்துப்போன மனிதர். அவருக்கு உலகத்தில் பிடித்தது ஸ்டெல்லா என்கிற வல்லூறு ஒன்றுதான், குஞ்சிலிருந்து பழக்கியது. பின்னேரங்களில் வீட்டுக்கு மேலே உள்ள மலைக்குக் கொண்டுபோய்ப் பறக்க விடுவார், இறைச்சிப் பையோடு நான் பின்னால் போவேன். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். வானத்தில் புள்ளியாக நிற்கிற பறவை கல்லு விழுந்த மாதிரி இறங்கி, கையுறை போட்ட அவருடைய இடது கையில் வந்து இருக்கும்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுப் போனது, இடது பக்கம் முழுக்கச் செத்தது. அந்தக் கையை நான்தான் தூக்கித் தூக்கிக் கழுவ வேண்டும். புத்தி மட்டும் நல்ல தெளிவு, எதைக் கேட்டாலும் ஆம், இல்லை என்று சரியாகத் தலையாட்டுவார். ஸ்டெல்லா பறக்காமல் கட்டையில் குந்தியிருப்பதைக் கண்டால் கையுறையைக் காட்டிக் காட்டி அழுவார். பார்க்கப் பொறுக்காமல் நானே மலைக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரும் மகன், "பறவை தொலைந்தால் நீயும் போகலாம்" என்று முதலே சொல்லிவிட்டான். இந்த நாட்டில் இருக்க எனக்குத் தரும் பெர்மெஸ்ஸோ, அவன் கையெழுத்து வைத்த வேலைக் கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இது நடந்தது மார்ச்சில், ஒரு ஞாயிறு. சின்யோரேக்குச் சாப்பாடு தீத்தி, நித்திரையாக்கி, வெளியால் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன். தனியே விட்டுப் போனது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரந்தானே என்று நினைத்தேன். இன்னொரு பிழையும் விட்டேன். மார்ச் மாதத்தில் அவர் அந்த மலைப்பக்கமே போகமாட்டார், ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. காட்டு வல்லூறுகள் அங்கே கூடு வைக்கிற காலமாம் அது.

ஸ்டெல்லாவின் கண்ணை மறைக்கிற தோல் மூடியைக் கழற்றி விட்டேன். மேலே ஏறினாள். பாறையிலிருந்து இன்னொன்று கிளம்பியது, ஸ்டெல்லாவைவிடப் பெரியது, கத்திக்கொண்டே அடித்தது பாருங்கள், இறகு பறந்தது. இரண்டும் மலைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டன. அவளைக் கீழே இறக்க நான் இறைச்சி கட்டிய கயிற்றைச் சுழற்றுகிறேன், சுழற்றுகிறேன், தோள் விட்டுப்போகிறது, ஒன்றையும் காணோம். வெயிலும் இறங்குகிறது. மகன் வருகிற நேரம். கடைசியில் விசரி மாதிரி வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"ஐயா, என்னால ஏலாது! நீங்களே வந்து கூப்பிடுங்கோ!"

நம்பினால் நம்புங்கள், விசில் கேட்டது. ஒரு பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து. அவருடைய விசில்தான், எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். ஸ்டெல்லா எங்கிருந்தோ வந்து நேரே அந்தப் பாறைக்குப் பின்னால் இறங்கினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு மனிதரும் இல்லை. கல்லின்மேல் அவள் இருக்கிறாள், நகங்களில் ஈர இரத்தம். புறா ஏதும் பிடித்தாளோ என்று தேடினேன். ஒரு இறகுகூடக் கிடக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது, யன்னல்களும் சாத்தியபடி. சின்யோரே விழித்திருந்தார். போர்வைக்கு மேலே அந்த இடது கை, மணிக்கட்டைச் சுற்றி இரத்தம். முன்னுக்கு மூன்று, பின்னுக்கு ஒன்று, அதேபோல் பக்கத்தில் இன்னும் நான்கு ஓட்டைகள். கையுறை போடாத கையில் பறவை வந்து இருந்தால் அப்படித்தான் குத்தும்.

நான் கழுவிக்கொண்டிருக்கும்போதே மகன் வந்துவிட்டான்.

"என்ன செய்தாய் என் அப்பாவை?"

"நான் ஒன்றும் செய்யவில்லை. பறவை என்னோடு மலையில் இருந்தது." எனக்கு இத்தாலியன் ஒழுங்காக வாயில் வரவில்லை.

அவன் தகப்பன் பக்கம் குனிந்தான். "பாப்பா, இவளா இதைச் செய்தாள்?"

எனக்குப் பயமே இருக்கவில்லை. சின்யோரே இல்லை என்பார், எல்லாம் முடிந்துவிடும் என்று நின்றேன். அவர் என்னைத்தான் பார்த்தார். ஆம் என்று தலையாட்டினார். இரண்டு தரம்.

அன்றே துரத்திவிட்டான். பெர்மெஸ்ஸோவுக்காகப் பிறகு நான் பட்ட பாடு தனிக் கதை. பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதழுது சொன்னேன். என் மனுஷன் கேட்டது இவ்வளவுதான்: "உண்மையைச் சொல்லும், அந்தாளின்ர கையில நீர் அந்தப் பறவையை இருத்திப் பாத்தனீரோ?" அந்தக் கேள்விக்காக இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

சின்யோரே அந்தக் கோடையிலேயே செத்துப்போனார். முதலில் அவரைத் திட்டித் தீர்த்தேன், பொய்யால் என் வயிற்றில் அடித்துவிட்டாரே என்று. இப்போது திட்ட வருவதில்லை. தலையாட்டும்போது அவர் முகத்தில் கோபம் ஒரு துளியும் இல்லை, நல்ல சந்தோஷமாக இருந்தார், அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. மலையில் நின்று அவரைக் கூப்பிட்டது நான்தானே. அப்படியென்றால் அந்த மனிதர் மகனுக்குச் சொன்னது பொய்யா?