கட்டை கடைசி ஆளிடம்

கும்மிடிப்பூண்டி டீக்கடை ரேடியோ கரகரத்ததும் பழவேற்காட்டு வீடு நினைவுக்கு வந்தது. அன்று அங்கே ரேடியோவில் ஆசியத் தடகளப் போட்டி, இந்திய அணியின் தொடரோட்டம். வெயிலில் காயவைத்துப் போட்ட பேட்டரியில் குரல் தேய்ந்துகொண்டே போனது. கட்டை நம் கடைசி ஆளின் கைக்கு வந்தது.

"நிறுத்துய்யா! பேட்டரி தீந்துட்டா, சாயங்காலம் காத்து சேதி கேக்காம ராத்திரி எப்டி ஏரிக்கு மீன் புடிக்கப் போவே?" என்றாள் அம்மா.

"இரு மே, நம்மாளு முந்திக்கினு இருக்கான்!" என்ற நைனா, மறுகணம் தானே நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் மறுபடி திருகினார். புயல் வருகிறது என்பதுவரை கேட்டது. பிறகு ரேடியோ அடங்கிவிட்டது. யாரும் படகை இறக்கவில்லை. அன்றிரவு எங்கள் கூரை பறந்தது. நைனா எங்களோடு இருந்தார்.

"நம்மாளு ஜெயிச்சிருப்பான்டா" என்று சாகும்வரை சொன்னார். எத்தனையோ ஊர் சுற்றியும் நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.